தீப்பெட்டி கூட்ஸும் பதினோரு இலக்கமும்

கூட்ஸ் வண்டி போனால் எத்தனை பெட்டி என்று எண்ணாதவர்கள் நம்மில் யாரும் இருக்க மாட்டீர்கள். நானும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். இப்போது எண்ணுவதில்லை, படிக்கிறேன்.

கூட்ஸ் பெட்டிக்கு வேகன் என்று பெயர். திண்டுக்கல் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் இருந்தபடியே பார்த்து, தீப்பெட்டியில் அதேமாதிரி செய்து, பெயின்ட் அடித்து, அதில் உள்ள எழுத்தையும் எண்ணையும் பொடியாக எழுதி வைப்பேன். இதுவரை 14 சேர்ந்திருக்கு. வெளிநாட்டில் மாடல் ரயில் சேர்ப்பவர்கள் சிலர், இல்லாத கம்பெனிப் பெயரை வேகனில் எழுதி, அதற்கு ஒரு கதையும் கட்டுவார்களாம். நம்ம வேகனுக்குக் கதை கட்டவே வேண்டாம். அது மேலேயே எழுதியிருக்கு.

பி.சி.என். என்றால் மூடிய வேகன். அரிசி, சிமென்ட், உரம் எல்லாம் இதில் வரும். பி.ஓ.எக்ஸ்.என். திறந்தது, நிலக்கரிக்கு. பி.டி.பி.என். பெட்ரோல் டேங்க். முதல் ‘பி’ போகியைக் குறிக்கும். (நாம் பெட்டியையே போகி என்கிறோம், அது தப்பு. அடியில் நான்கு சக்கரத்தோடு இருக்கும் சட்டம்தான் போகி.) கடைசி ‘என்’ காற்று பிரேக்.

எனக்கு ரொம்பப் பிடித்தது என்.எம்.ஜி. வயதான பயணிகள் பெட்டியின் ஜன்னலை எல்லாம் அடைத்து, இரண்டு முனையிலும் கதவு வைத்து, புதுக் கார் ஏற்றிப்போக மாற்றிவிடுகிறார்கள். மனுஷங்க தூங்கிப்போன பெட்டியில் கார் தூங்கிப்போகுது! டேங்க் வேகனிலும் ஒரு கதை உண்டு. 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து சென்னை வில்லிவாக்கத்துக்கு 50 டேங்க் வேகன்களில் 25 லட்சம் லிட்டர் குடிதண்ணீர் போனது.

இனி எண்ணுக்கு வருவோம். மொத்தம் 11 இலக்கம். உதாரணத்துக்கு நானே எழுதிய எண்: 31 06 09 1234 7. முதல் இரண்டு வகை (30 முதல் 39 வரை மூடிய வேகன்). அடுத்து 06, தெற்கு ரயில்வே. 09 என்றால் 2009-இல் செய்தது. பிறகு வரிசை எண். கடைசி 7 எதற்கு? காவலுக்கு!

இடமிருந்து 2, 4, 6, 8, 10-ஆம் இலக்கங்களைக் கூட்டுங்கள்: 1+6+9+2+4=22. மூன்றால் பெருக்கினால் 66. மற்ற ஐந்தும் 3+0+0+1+3=7. மொத்தம் 73. எண்பதாக்க 7 வேண்டும். அதுதான் கடைசி இலக்கம். ஒரு இலக்கம் மாறினாலும் கணக்கு உதைக்கும். ஆனால் பக்கத்துப் பக்கத்தில் உள்ள 2-ம் 7-ம் இடம் மாறினால் இது கண்டுபிடிக்காது, போட்டுப் பார்த்தேன்.

என் சித்தி மகன் ஒரு டேங்க் வேகன் பார்த்ததாக எண் கொண்டுவந்தான். கணக்குப் போட்டேன், வரவில்லை. “பொய்தானேடா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவன் அழுதுகொண்டே, “உன்னுடையதையும் போடு அக்கா” என்றான். போட்டேன். என் 14-இல் மூன்று உதைத்தது. துருவில் 1-ஐ 7 என்று படித்திருப்பேன் போல. திரும்பப் பார்க்கலாம் என்றால் அந்த வேகன் இப்போது எந்த ஊரில் நிற்கிறதோ. அந்த மூன்றின் எண்ணையும் அழித்துவிட்டேன். அவனுடைய டேங்கையும் எண் இல்லாமல் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

உங்களுக்கு ஒன்று: 44 06 15 2038 _ . கடைசி இலக்கம் என்ன? எந்த வருடம் செய்தது? விடையை ஒன்பதாம் வகுப்பில் வந்து என்னிடம் சொல்லுங்கள்.