எடின்பரோவில் ஓர் இரவுலா

ஸ்காட்லாந்து நாட்டின் தலைநகராகிய எடின்பரோ, பாறைமேல் பிறந்த நகரம். பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர் எரிமலையாக இருந்து அவிந்துபோன செங்குத்தான பாறையொன்றின் உச்சியிலே அதன் கோட்டை நிற்கிறது. அங்கிருந்து கிழக்கு நோக்கிச் சரிந்து இறங்கும் நெடுந்தெரு, ஏறத்தாழ ஒரு மைல் தொலைவு சென்று ஹோலிரூட் அரண்மனையின் வாயிலில் முடிகிறது. அதனை 'ராயல் மைல்' என்று வழங்குவர். மீனின் நடுமுள்ளிலிருந்து சிறு முட்கள் இரு புறமும் பிரிவதுபோல, அத்தெருவிலிருந்து எண்ணற்ற முடுக்குகள் வடக்கும் தெற்குமாகப் பள்ளத்தில் இறங்குகின்றன. இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டிய முடுக்குகளும் அவற்றுள் உண்டு.

முற்காலத்தில் மதிலுக்கு வெளியே வாழ அஞ்சிய மக்கள் மதிலுக்குள்ளேயே நெருங்கிக் குடியிருந்தனர். பக்கவாட்டில் இடமின்மையால் வீடுகள் மேல்நோக்கி வளர்ந்தன. மின்தூக்கியைக் கனவிலும் அறியாத காலத்திலேயே அங்கே பத்து அடுக்கு வீடுகள் எழுந்துவிட்டன. குழாயும் சாக்கடையும் இல்லை. கழிவுநீர் இரவு வேளையில் பலகணி வழியே தெருவில் கொட்டப்பட்டது. பிணியும் தீயும் வறுமையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சென்ற நகரம் அது. அத்தகைய நகரத்தில் பேய்க்கதைகளுக்குப் பஞ்சம் இருக்குமா?

இன்று அக்கதைகளைச் சொல்வதே ஒரு தொழிலாகிவிட்டது. மாலை மங்கியதும் வழிகாட்டிகள் கருப்பு மேலாடை அணிந்து தெருவில் நிற்பர். கட்டணம் செலுத்தியோரைக் கூட்டிக்கொண்டு பழைய நகரின் இருண்ட பகுதிகளைச் சுற்றிக் காட்டுவர். அக்டோபர் மாதத்து இரவொன்றில், எட்டு மணிக்கு, நானும் அத்தகைய குழுவொன்றில் சேர்ந்தேன். நாங்கள் இருபதின்மர் இருந்தோம். தூய ஜைல்ஸ் தேவாலயத்தின் அருகே, முன்னாளில் அரசாணைகளை முழங்கிய சந்தைத் தூணின் அடியில் கூடினோம். எங்கள் வழிகாட்டி உயரமான இளைஞர், வரலாற்று மாணவர். "பேயைக் காட்டுவேன் என்று நான் உறுதி கூறவில்லை, காட்டாவிடில் பணத்தைத் திருப்பித் தருவதாகவும் கூறவில்லை" என்று அவர் தொடங்கியபோது அனைவரும் நகைத்தோம்.

முதலில் அவர் எங்களை எதிரேயுள்ள நகர மன்ற மாளிகையின் முன் நிறுத்தினார். அம்மாளிகை 1753-இல் கட்டத் தொடங்கப்பெற்றது. அதற்கு இடம் வேண்டி, அங்கிருந்த முடுக்குகளின் மேல்தளங்களை இடித்தனர். கீழ்த்தளங்களை அவ்வாறே விட்டு, அவற்றையே புதுக் கட்டடத்துக்கு அடித்தளமாக்கினர். அங்ஙனம் மண்ணுக்குள் சென்ற தெருக்களுள் ஒன்று, 'மேரி கிங்' என்ற வணிகப் பெண்மணியின் பெயரைத் தாங்கியது. 1645-ஆம் ஆண்டு கொடிய பிளேக் நோய் நகரைத் தாக்கியபோது, நகர மன்றத்தார் அம்முடுக்கின் இரு முனைகளையும் சுவரெழுப்பி அடைத்து, நோயாளிகளை உள்ளேயே மடியவிட்டனர் என்பது கதை. அவர்களுடைய ஓலம் இன்றும் கேட்கிறதாம்.

வழிகாட்டி இதனைத் தாழ்ந்த குரலில் சொல்லி முடித்தார். கூட்டத்தில் பேச்சுமூச்சில்லை. பின்னர் அவர் தம் இயல்பான குரலில், "இது உண்மையன்று" என்றார்.

நடந்தது வேறு. நோய் கண்ட வீட்டார் பலகணியில் வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டனர். அதனைக் கண்டு உணவும் நிலக்கரியும் வாயிலில் கொணர்ந்து வைக்கப்பட்டன. நோயாளிகள் பலர் ஊருக்கு வெளியே திடலில் அமைத்த குடிசைகளுக்கு அனுப்பப்பட்டனர். நகரின் முதல் பிளேக் மருத்துவர் நோய்க்கு இரையானபின், ஜார்ஜ் ரே என்பவர் அப்பணியை ஏற்றார். தலை முதல் கால்வரை தடித்த தோலாடை அணிந்து, பறவையின் அலகு போன்ற முகமூடி தரித்து, அவர் வீடுவீடாகச் சென்றார். நோயைப் பரப்பிய தெள்ளுப்பூச்சி அத்தோலைக் கடக்க இயலவில்லை என்பதை அவரும் அறியார், ஆயினும் பிழைத்தார். அவர் பிழைப்பார் என்று எதிர்பாராத மன்றத்தார், பேசிய ஊதியத்தைத் தரத் தயங்கி இழுத்தடித்தனர். சுவரெழுப்பிய கதை எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஊதியத்துக்காக அலைந்த மருத்துவரைத் தெரிந்தோர் சிலரே. எனக்கு இரண்டாவதே சுவையாகப்பட்டது.

அங்கிருந்து தெற்கே நடந்து, 'சவுத் பிரிட்ஜ்' எனப்படும் தென்பாலத்தின் அடிப்பகுதிக்குச் சென்றோம். 1788-இல் திறக்கப்பெற்ற அப்பாலத்துக்குப் பத்தொன்பது வளைவுகள் உண்டு. ஆயினும் இன்று கண்ணுக்குத் தெரிவது ஒன்றே. ஏனையவற்றை இரு மருங்கும் எழுந்த கட்டடங்கள் மறைத்துவிட்டன. மூதாட்டி ஒருவரே முதன்முதலில் பாலத்தைக் கடக்க வேண்டுமென முடிவு செய்திருந்ததாகவும், திறப்பு விழாவுக்கு முன்பே அவர் இறந்துவிட, சொன்ன சொல் தவறாமல் அவருடைய சவப்பெட்டியை முதலில் கொண்டுசென்றதாகவும் கூறுவர். ஊரார் அதன்பின் பாலத்தில் ஏறவே அஞ்சினராம்.

வளைவுகளின் உட்புறத்தைத் தடுத்து அறைகளாக்கினர். செருப்புத் தைப்போரும் மதுக்கடைக்காரரும் அவற்றில் தொழில் நடத்தினர். ஆனால் பாலத்தின் மேற்பரப்பு நீர் புகாதவாறு அடைக்கப்படவில்லை. மழைநீர் கசிந்து பொருள்கள் பாழாகவே, வணிகர் வெளியேறினர். வேறு புகலிடம் அற்றவர் உள்ளே வந்தனர். பகலவன் ஒளி நுழையாத, காற்றோட்டமில்லாத, எப்போதும் சொட்டிக்கொண்டிருக்கும் அவ்வறைகளில் குடும்பங்கள் வாழ்ந்தன, குழந்தைகள் பிறந்தன. பின்னர் அறைகள் இடிபாடுகளால் தூர்க்கப்பெற்று மறக்கப்பட்டன. 1980-களில் மீண்டும் அகழ்ந்தபோது அங்கே கிடைத்தவை சிப்பி ஓடுகளும் உடைந்த மட்கலங்களும் போன்ற எளிய பொருள்களே. அந்நாளில் சிப்பி ஏழைகளின் மலிவான உணவு.

அறையொன்றின் நடுவில் எங்களை நிறுத்தி, வழிகாட்டி மெழுகுவத்தியை ஊதி அணைத்தார். அத்தகைய இருளை நான் அதற்குமுன் கண்டதில்லை. என் கையே எனக்குத் தெரியவில்லை. எங்கோ நீர்த்துளி விழுந்தது. என் பிடரியில் குளிர்ந்த காற்றுப் பட்டது போன்ற உணர்வு எழுந்தது. யாரோ மிக அருகில் நிற்கிறார் என்று தோன்றியது. இருபது பேர் நிற்கும் அறையில் யாரோ அருகில் நிற்பது இயற்கைதானே என்பது விளக்கு ஏற்றிய பிறகே என் அறிவுக்கு எட்டிற்று!

இவ்வறைகளில் 2001-இல் உளநூல் அறிஞர் ரிச்சர்டு வைஸ்மனும் அவர்தம் குழுவினரும் ஆய்வொன்று நிகழ்த்தினர். இருநூற்றுக்கு மேற்பட்ட தன்னார்வலர்களைத் தனித்தனியே அறைகளில் இருக்கச் செய்து, அவர்கள் உணர்ந்தவற்றை எழுதச் சொன்னார்கள். எவ்வறையில் பேய் உண்டு என ஊரார் சொன்னார்களோ, அவ்வறைகளிலேயே அச்ச உணர்வுகள் மிகுந்திருந்தன. அப்பேச்சை அறியாதவர்க்கும் அவ்வாறே. பேய் இருப்பது மெய்ப்பட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிட வேண்டா. அறையின் உயரம், வாயிலருகே உள்ள வெளிச்சம் ஆகியவற்றோடு அவ்வுணர்வுகள் பொருந்தி வருவதை ஆய்வாளர் கண்டனர். 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்பது நம் பழமொழி. எல்லா இருளும் ஒரே அளவில் அரட்டுவதில்லை என்று அதனோடு சேர்த்துக்கொள்ளலாம்.

வெளியே வந்து, கௌகேட் தெரு வழியாக மேற்கே நடந்து, 'கிராஸ் மார்க்கெட்' என்னும் புல்சந்தைத் திடலை அடைந்தோம். குற்றவாளிகளைத் தூக்கிலிட்ட இடம் அது. 1724-இல் அங்கே தூக்கிலிடப்பட்ட மேகி டிக்சன் என்ற பெண், சவப்பெட்டியில் சொந்த ஊருக்குக் கொண்டு செல்லப்படும் வழியில் உயிர்த்து எழுந்தாள். மீண்டும் அவளைத் தூக்கிலிடவில்லை. பின்னும் பல்லாண்டுகள் வாழ்ந்தாள். அவள் பெயரால் ஒரு மதுக்கடை அங்கு இருக்கிறது. இக்கதையைக் கேட்டு அனைவரும் மகிழ்ந்தோம். ஆனால் வழிகாட்டி திடலின் மேற்கு மூலையைச் சுட்டி, "அங்கே ஒரு விடுதி இருந்தது" என்றார். அதன்பின் எவரும் சிரிக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடின்பரோ மருத்துவக் கல்விக்குப் பெயர்பெற்று விளங்கியது. பல நாட்டு மாணவர் அங்கு வந்து பயின்றனர். உடற்கூறு பயிலப் பிணங்கள் வேண்டும். சட்டப்படி கிடைத்தவையோ மிகச் சில. அவை பெரும்பாலும் தூக்கிலிடப்பட்டோரின் உடல்கள். எனவே புதைகுழிகளை இரவில் தோண்டிப் பிணங்களைத் திருடி விற்கும் கூட்டம் தோன்றியது. 1827-இன் இறுதியில், வில்லியம் ஹேர் என்பவன் நடத்திய விடுதியில் முதியவர் ஒருவர் நோயால் இறந்தார். அவர் தரவேண்டிய கடன் நான்கு பவுன். ஹேரும் அவன் தோழன் வில்லியம் பர்க்கும் அவ்வுடலை ராபர்ட் நாக்ஸ் என்ற உடற்கூற்று ஆசிரியரின் கூடத்தில் விற்றனர். ஏழு பவுன் பத்து ஷில்லிங் கிடைத்தது. யாரும் எதுவும் வினவவில்லை.

இயற்கையாக ஒருவர் இறக்கும்வரை காத்திருப்பானேன் என்று அவ்விருவரும் எண்ணினர். 1828-ஆம் ஆண்டில் பதினாறு பேரைக் கொன்றனர். வழிப்போக்கர், முதிய மகளிர், தேடுவாரற்ற ஏழையர் ஆகியோரையே தேர்ந்தெடுத்தனர். மது கொடுத்து மயக்கி, மூச்சை அடைத்துக் கொன்றனர். அவர்களுள் ஒருவன் ஜேம்ஸ் வில்சன் என்ற இளைஞன். சற்று அறிவு மழுங்கியவன். தெருவில் யாவரும் அறிந்த முகம். அவனை அறுவை மேசையில் கண்ட மாணவர்கள் இன்னான் என அறிந்துகொண்டும், கூடம் தன் பணியைத் தொடர்ந்து நடத்தியது. இறுதியில் குற்றம் வெளிப்பட்டது. ஹேர் அரசுத் தரப்புச் சாட்சியாகித் தப்பினான். பர்க் 1829 ஜனவரி 28-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டான். நாக்ஸ் மீது வழக்கே இல்லை. 1832-இல் உடற்கூற்றுச் சட்டம் நிறைவேறிப் பிணத் திருட்டுக்கு முடிவு கட்டியது. அச்சட்டமும் கேட்பாரற்று இறந்த ஏழைகளின் உடல்களையே கல்விக்கூடங்களுக்கு வழங்கிற்று.

பர்க்கின் எலும்புக்கூடு எடின்பரோ பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. கொன்றவனுடைய எலும்பு போற்றிக் காக்கப்படுகிறது. கொலையுண்டவருள் சிலருடைய பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. நான் வழிகாட்டியை நெருங்கி, "அப்பதினாறு பேருள் எவரேனும் பேயாக உலவுவதாகச் சொல்கிறார்களா?" என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் எண்ணிப் பார்த்தார். "நான் சொல்லும் கதைகளில் இல்லை, ஐயா. இதுவரை எவரும் என்னை அதுபற்றிக் கேட்டதும் இல்லை" என்றார்.

மேட்டுத் தெருவொன்றில் ஏறி, கிரேஃபிரையர்ஸ் கல்லறைத் தோட்டத்தை அடைந்தபோது மணி பத்தை நெருங்கியது. அருகே ஒரு சிறு நாயின் உருவச்சிலை உண்டு. தலைவனுடைய கல்லறையருகே பதினான்கு ஆண்டுகள் காத்துக் கிடந்து 1872-இல் இறந்ததாகச் சொல்லப்படும் 'பாபி' என்ற நாய் அது. பயணிகள் அதன் மூக்கைத் தடவித் தடவி, அது பொன்போல் மின்னுகிறது. தோட்டத்தினுள்ளே சில கல்லறைகளின் மேல் கனத்த இரும்புக் கூடுகள் கவிழ்ந்திருந்தன. இறந்தவர் எழுந்து வராமல் தடுப்பதற்கு அவை என எங்களுள் ஒருவர் கருதினார். இருப்பவர் இறங்கி வராமல் தடுப்பதற்கு அவை! பிணத் திருடர்க்கு அஞ்சி வசதியுள்ளோர் வைத்த காவல் அது.

தோட்டத்தின் தென்கோடியில் பூட்டிய இரும்புக் கதவு ஒன்று இருந்தது. அதற்கப்பால் உள்ள பகுதிக்கு 'உடன்படிக்கையாளர் சிறை' என்று பெயர். தேவாலய ஆட்சியில் அரசர் தலையிடுவதை எதிர்த்து 1638-இல் இத்தோட்டத்துத் தேவாலயத்தில்தான் மக்கள் உடன்படிக்கையொன்றில் கையொப்பமிட்டனர். அக்கொள்கைக்காகப் போரிட்டோர் 1679 ஜூன் மாதம் பாத்வெல் பாலத்தருகே தோற்றனர். சிறைப்பட்ட ஆயிரத்துக்கு மேற்பட்டோரை இத்தோட்டத்தை ஒட்டிய வெட்டவெளியில் அடைத்தனர். கூரையில்லை, உணவு மிகச் சொற்பம். நவம்பர் மாதக் குளிர் வரும்வரை பலர் அவ்வாறே கிடந்தனர். அவர்கள்மேல் அரசு தொடுத்த வழக்குகளை நடத்தியவர் தலைமை வழக்கறிஞர் சர் ஜார்ஜ் மெக்கென்சி. கற்றறிந்தவர்; எடின்பரோவின் புகழ்மிக்க வழக்கறிஞர் நூலகத்தை நிறுவியவரும் அவரே. மக்கள் அவருக்கு இட்ட பெயர் 'குருதி மெக்கென்சி'. 1691-இல் இறந்து, சிறைக்களத்திற்கு அருகிலேயே, குவிமாடம் கவித்த அழகிய மண்டபத்தில் அடக்கம் செய்யப்பெற்றார்.

1990-களின் இறுதியிலிருந்து அம்மண்டபத்தின் அருகே செல்வோர் மயங்கி விழுவதாகவும், உடலில் கீறல்கள் காண்பதாகவும் செய்திகள் பரவின. மெக்கென்சியின் ஆவியே காரணம் என்றனர். வழிகாட்டி கதவைத் திறந்து எங்களை உள்ளே அழைத்துச் சென்றார். இரு புறமும் கல்லறை மண்டபங்கள். அவற்றுள் ஒன்றில் எங்களை நிறுத்திக் கதை சொன்னார். திடுமெனப் பின்னாலிருந்து ஓர் அலறல்! அது வழிகாட்டியின் கூட்டாளி. மறைந்திருந்து அச்சுறுத்துவது அவர் வேலை. கூட்டம் கூச்சலிட்டுப் பின் நகைத்தது. நானும் ஓரடி துள்ளினேன் என்பதை மறைப்பானேன்?

சிரிப்பு அடங்கியபின் அவர் சொன்னார். நாங்கள் நின்ற மண்டபங்கள் பிற்காலத்தவை. கைதிகள் இருந்த நாளில் அவை இல்லை. நவம்பரில் எஞ்சியிருந்த இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோரைக் கடல் கடந்த குடியேற்ற நாடுகளுக்கு அடிமைகளாக விற்கக் கப்பலேற்றினர். 'கிரௌன்' என்ற அக்கப்பல் டிசம்பரில் ஆர்க்னித் தீவருகே புயலில் சிக்கிப் பாறையில் மோதியது. கீழ்த்தளத்தின் மூடிகள் பூட்டியே இருந்தன. தப்பியவர் ஏறத்தாழ ஐம்பதின்மர்.

அவர்களைப்பற்றி இத்தோட்டத்தில் பேய்க்கதை இல்லை. மெக்கென்சிக்கு மண்டபமும் உண்டு, ஆவியும் உண்டு.

குழுவினர் ஒருவர்பின் ஒருவராக வெளியேறினர். சிலர் மெக்கென்சியின் கதவருகே நின்று படம் எடுத்துக்கொண்டனர். பெண்ணொருத்தி தன் கையில் கீறல் இருக்கிறதா என்று விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் சற்றுப் பின்தங்கி, அச்சுவர்களுக்கு இடையே விளங்கிய திறந்த வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூறல் தொடங்கியிருந்தது. குளிர் என் கம்பளி மேலாடையையும் ஊடுருவிற்று. அப்போது அக்டோபர்தான். வழிகாட்டி திறவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, "வாருங்கள் ஐயா, பூட்ட வேண்டும்" என்று அழைத்தார்.