டெப் சாவியால் பெயர்களை நிறைவுசெய்தல்

பைதன் மொழிக்குரிய ஐடில் பதிப்பியில், பெயரொன்றின் தொடக்க எழுத்துகளைத் தட்டச்சுச் செய்து டெப் சாவியை அழுத்துக.

உதாரணம்: இன்புட் என்பதன் முதல் இரு ஆங்கில எழுத்துகளுக்கு இன்ட், இன்புட் ஆகியனவும் அடங்கிய பட்டியல் தோன்றும். மூன்றாம் எழுத்தையும் இட்டால் இன்புட் மட்டுமே பொருந்தும். அது பட்டியலின்றியே நிறைவடையும்.

கவனிக்க:
1. உங்கள் மாறிகள் பட்டியலில் இல்லையெனில், எஃப்5 சாவியால் செய்நிரலை ஒருமுறை இயக்குக.
2. வரியின் தொடக்கத்தில் டெப் உள்தள்ளலையே இடும்.

வினா: மாறிக்குப் பெறுமானம் இடும்போது அதன் பெயரைப் பிழையாக எழுதினால் யாது நிகழும்?
விடை: வழுச்செய்தி தோன்றாது. புதிய மாறியொன்று உருவாகும். பழைய மாறியின் பெறுமானம் மாறாது. எனவே விடை பிழைக்கும். டெப் சாவி இதனைத் தவிர்க்க உதவும்.

பரீட்சைத் தாளில் டெப் சாவி இல்லை. பெயர்களைப் பிழையின்றி எழுதியும் பழகுங்கள்.