நெசவிலிருந்து பிறந்த சொல்

நுழையும்முன்

நாள்தோறும் நாம் கேட்கும் ஆங்கிலச் சொற்களுள் ஒன்று 'டெக்ஸ்ட்'. பாடநூலைக் குறிக்கும் சொல்லிலும் அது இருக்கிறது. கைப்பேசியில் அனுப்பும் குறுஞ்செய்தியையும் அதுவே குறிக்கிறது. துணிக்கடைகளின் பெயர்ப்பலகையில் நாம் காணும் 'டெக்ஸ்டைல்ஸ்' என்னும் சொல்லும் அதன் உடன்பிறப்பே. எழுத்துக்கும் துணிக்கும் என்ன உறவு? அவ்வுறவைத் தேடிச் சென்றால், ஒரு சொல் எவ்வாறு பிறக்கிறது, எவ்வாறு பொருள் மாறுகிறது, எதனைச் சார்ந்து பொருள் தருகிறது என்பன விளங்கும்.

தறியில் தோன்றிய சொல்

இலத்தீன் மொழியில் 'டெக்செரே' என்னும் வினைச்சொல்லுக்கு 'நெய்தல்' என்பது பொருள். நெய்யப்பட்டது 'டெக்ஸ்டுஸ்' எனப்பட்டது. பாவு நூலும் ஊடை நூலும் ஒன்றன்மேல் ஒன்றாகவும் ஒன்றன்கீழ் ஒன்றாகவும் மாறிமாறிச் செல்லும்போது துணி உருவாகிறது. சொற்களும் அவ்வாறே ஒன்றையொன்று பற்றி நின்று தொடராகின்றன. இந்த ஒப்புமையை உரோமானியர் உணர்ந்திருந்தனர். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த குயின்டிலியன், பேச்சுக்கலை பற்றிய தம் நூலில், சொற்கள் இணைந்து அமையும் கட்டமைப்பைக் குறிக்க இச்சொல்லை ஆண்டார். துணியைக் குறித்த சொல் இவ்வாறு மொழியைக் குறிக்கும் சொல்லாயிற்று.

இடைக்கால ஐரோப்பாவில் இச்சொல் கிறித்தவத் திருமறையின் வாசகத்தைச் சிறப்பாகக் குறித்தது. அக்காலக் கையெழுத்துப் படிகள் பலவற்றில் மூல வாசகம் பக்கத்தின் நடுவில் பெரிய எழுத்தில் அமைந்திருக்கும். அதனைச் சுற்றி விளக்கங்கள் சிறிய எழுத்தில் எழுதப்பட்டிருக்கும். நடுவில் உள்ளது 'டெக்ஸ்ட்', சுற்றியுள்ளது உரை. தமிழில் 'மூலமும் உரையும்' என்று நாம் பிரித்துக் கூறுவதோடு இதனை ஒப்பிடலாம். 14ஆம் நூற்றாண்டில் பழைய பிரெஞ்சு மொழி வழியாக இச்சொல் ஆங்கிலத்திற்குள் நுழைந்தது. பாடநூலைக் குறிக்கும் 'டெக்ஸ்ட்புக்' என்னும் கூட்டுச்சொல் 18ஆம் நூற்றாண்டில் வழக்கிற்கு வந்தது. 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் முதல் குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது. 'கிறிஸ்துமஸ் வாழ்த்து' என்பதே அதன் செய்தி. திருமறையைக் குறித்த சொல் இன்று இரண்டு சொற்களாலான வாழ்த்தையும் குறிக்கிறது.

உடன்பிறந்த இருவர்

இச்சொற்குடும்பத்தில் நாம் கருத்தூன்றி நோக்கத்தக்க இருவர் உளர். ஒன்று 'கான்டெக்ஸ்ட்', மற்றொன்று 'பிரீடெக்ஸ்ட்'.

'கான்' என்னும் முன்னொட்டு 'உடன்', 'சேர்ந்து' என்னும் பொருளுடையது. எனவே, 'கான்டெக்ஸ்ட்' என்பதன் அடிப்படைப் பொருள் 'சேர்த்து நெய்யப்பட்டது' என்பதாகும். தமிழில் இதனைச் 'சூழல்' என்கிறோம். ஒரு சொல்லுக்கு முன்னும் பின்னும் நின்று அதன் பொருளைத் தெளிவாக்குவது சூழல். 'படி' என்னும் சொல் தனித்து நின்றால் அது ஏவல்வினையா, வீட்டின் படியா, அளவைப் பெயரா, நகலைக் குறிப்பதா என்று அறிய இயலாது. 'பாடத்தைப் படி' என்னும்போது ஐயம் நீங்குகிறது. அருகிலுள்ள இழையே ஓர் இழைக்கு இடம் தருகிறது.

'பிரீ' என்னும் முன்னொட்டு 'முன்னால்' என்னும் பொருளுடையது. 'முன்னால் நெய்தல்' என்பது இலத்தீனில் முதலில் துணியின் விளிம்பில் கரையமைப்பதைக் குறித்தது. உரோமில் உயர் பதவியினரும் உரிமைக் குடிப்பிறப்புடைய சிறுவரும் ஊதா நிறக் கரையிட்ட மேலாடை அணிந்தனர். அவ்வாடையின் பெயரிலும் இச்சொல் உண்டு. பின்னர், முன்னால் துணியைத் தொங்கவிட்டுப் பின்னால் உள்ளதை மறைத்தல் என்னும் கருத்து வளர்ந்தது. உண்மைக் காரணத்தை மறைத்து வேறொரு காரணத்தை முன்னிறுத்துவதை 'பிரீடெக்ஸ்ட்' என்று ஆங்கிலத்தில் கூறுவது இதனால்தான். தமிழில் இதனைச் 'சாக்கு' என்று வழங்குகிறோம்.

இருவரும் ஒரே தறியில் பிறந்தவர்கள்; ஒருவர் பொருளை விளக்குகிறார், மற்றவர் பொருளை மறைக்கிறார். நெசவு இணைக்கவும் செய்யும். திரையாகி மறைக்கவும் செய்யும்.

துணியிலிருந்து உடலுக்கு

உயிரியல் பாடத்தில் நாம் பயிலும் 'திசு' என்னும் சொல்லும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. பிரெஞ்சு மொழியில் 'திஸ்ஸு' என்பது நெய்யப்பட்ட துணி. அது இலத்தீனின் நெசவுச் சொல்லிலிருந்து வந்தது. பிரெஞ்சு உடற்கூறியல் அறிஞர் சேவியர் பிஷா (1771–1802), மனித உறுப்புகள் ஒவ்வொன்றும் சில அடிப்படைப் பொருள்களால் ஆனவை என்று கண்டு, அவற்றை இச்சொல்லால் குறித்தார். நுண்ணோக்கியின் துணையின்றியே 21 வகைத் திசுக்களை அவர் வேறுபடுத்திக் காட்டினார். உடலை ஒரு நெசவாகக் கண்ட அந்தப் பார்வை அச்சொல்லில் இன்றும் உறைந்திருக்கிறது.

இதனினும் வியப்புக்குரிய பயணம் 'டாய்லெட்' என்னும் சொல்லினுடையது. இலத்தீனில் நெய்த துணியைக் குறித்த 'டேலா' என்னும் சொல், பிரெஞ்சில் 'துவால்' ஆயிற்று. சிறு துணி 'துவாலெட்' எனப்பட்டது. அச்சொல் ஒப்பனை மேசையின்மீது விரிக்கும் துணிக்கு ஆகி, பிறகு அம்மேசைக்கும் அங்குச் செய்யும் ஒப்பனைக்கும் ஆயிற்று. அதன்பின் ஒப்பனை அறைக்கும், இறுதியில் கழிப்பறைக்கும் பெயராயிற்று. இம்மாற்றத்தைத் தமிழ் இலக்கணம் கொண்டு எளிதில் விளக்கலாம். ஒரு பொருளின் பெயர் அதனோடு தொடர்புடைய மற்றொரு பொருளுக்கு ஆகி வருவது ஆகுபெயர்; அவையில் கூறத் தயங்கும் சொல்லை மறைத்து வேறு சொல்லால் கூறுவது இடக்கரடக்கல். ஆகுபெயராய் அடுக்கடுக்காக நகர்ந்த ஒரு சொல், முடிவில் இடக்கரடக்கலாய் நின்றது.

தச்சரும் உறவினரே

1786இல் கல்கத்தாவில் ஆற்றிய உரையில், சமற்கிருதம், கிரேக்கம், இலத்தீன் ஆகியவை ஒரு பொது மூலத்திலிருந்து தோன்றியிருக்க வேண்டும் என்று வில்லியம் ஜோன்ஸ் கூறினார். பின்வந்த மொழியியல் அறிஞர்கள் இம்மொழிகளின் சொற்களை ஒப்பிட்டு அவற்றின் பொதுவான வேர்களை மீட்டுருவாக்கினர். இலத்தீனின் நெசவுச் சொல், தச்சரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லாகிய 'டெக்டோன்', அதே பொருளுடைய சமற்கிருதச் சொல்லாகிய 'தக்ஷன்' ஆகிய மூன்றும் உறவுடையவை என்பது அவர்தம் முடிவு. நெசவாளரும் தச்சரும் செய்வது ஒன்றே: துண்டுகளைப் பொருத்தி ஒரு முழுமையை ஆக்குதல். இலத்தீன் கவிஞர் வெர்ஜில், மரத்தால் கப்பல் கட்டுவதைக் கூறும்போதும் நெசவுச் சொல்லையே ஆண்டுள்ளார்.

கட்டடக் கலைஞரைக் குறிக்கும் 'ஆர்க்கிடெக்ட்' என்னும் ஆங்கிலச் சொல், 'தலைமைத் தச்சர்' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தொழில்நுட்பத்தைக் குறிக்கும் 'டெக்னாலஜி'யில் உள்ள 'டெக்னே' என்னும் கிரேக்கச் சொல்லையும் அறிஞர் பலர் இவ்வேரோடு இணைப்பர்.

ஒலி ஒத்தவை எல்லாம் உறவல்ல

சொற்பிறப்பியலில் ஓர் எச்சரிக்கை தேவை. ஒலி ஒப்புமை ஒன்றைக்கொண்டு சொற்களை உறவினராக்கிவிடக் கூடாது. 'டெக்சஸ்' என்னும் அமெரிக்க மாநிலத்தின் பெயர் 'டெக்ஸ்ட்' என்பதோடு ஒலியால் ஒத்திருப்பினும், அது அங்கு வாழ்ந்த கேடோ பழங்குடியினரின் மொழியில் 'நண்பர்' என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. வரியைக் குறிக்கும் 'டாக்ஸ்' என்பதும் மதிப்பிடுதலைக் குறிக்கும் வேறோர் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததே. மாறாக, 'திசு'வும் 'டாய்லெட்'டும் ஒலியால் வேறுபட்டிருப்பினும் உண்மையில் உறவினர். சொற்களின் உறவை நிறுவுவன பழைய எழுத்துச் சான்றுகளும் ஒழுங்கான ஒலிமாற்ற விதிகளுமே ஆகும்.

வேர் வேறு, கருத்து ஒன்று

நெசவையும் நூலாக்கத்தையும் ஒன்றாகக் கண்டவர் உரோமானியர் மட்டுமல்லர். தமிழில் 'நூல்' என்னும் சொல் இழையையும் ஏட்டையும் குறிக்கிறது. 'பனுவல்' என்பதற்கும் இவ்விரு பொருளும் உண்டு. நன்னூலின் பாயிரத்தில் இவ்வுவமை முழுமையாக விரிகிறது. அங்குச் சொல் பஞ்சாகவும், செய்யுள் இழையாகவும், புலவர் நூற்கும் பெண்ணாகவும், வாய் கையாகவும், அறிவு கதிராகவும் உருவகிக்கப்படுகின்றன. மரத்தின் வளைவைத் தச்சர் நூலிட்டு அறிந்து நீக்குவதுபோல, மனத்தின் கோணலை நூல் நீக்கும் என்றும் அவ்விலக்கணம் உரைக்கிறது. இன்றைய திறனாய்வாளர் 'டெக்ஸ்ட்' என்பதற்கு இணையாகப் 'பனுவல்' என்னும் சொல்லை ஆள்வது பொருத்தமே.

ஆயினும், இவ்வொற்றுமையைக் கொண்டு தமிழ்ச் சொல்லும் இலத்தீன் சொல்லும் ஒரே வேரின என்று கூறல் ஆகாது. தமிழ் திராவிட மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது என்பதைக் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் (1856) விரிவாக நிறுவியது. சமற்கிருதத்தில் 'சூத்திரம்' என்பதும் முதலில் இழையைக் குறித்த சொல்லே. அதன் வேரும் வேறு. வேர்கள் வெவ்வேறாக இருந்தும் கருத்து ஒன்றாக இருப்பதே இங்குச் சிறப்பு. நூற்றும் நெய்தும் வாழ்ந்த மக்கள், தாம் கையால் செய்த தொழிலைக் கொண்டே மனத்தின் தொழிலையும் புரிந்துகொண்டனர்.

உருவி எடுத்த இழை

ஒரு சொல்லின் பிறப்பை அறிவதால் அதன் இன்றைய பொருளை நாம் மாற்றிவிட முடியாது. 'டாய்லெட்' என்பதன் உண்மைப் பொருள் துணியே என்று ஒருவர் வாதிட்டால், அதனை எவரும் ஏலார். வேர் என்பது சொல்லின் வரலாறு. பொருளை முடிவு செய்வது வழக்கும் சூழலும் ஆகும்.

எனினும், 'டெக்ஸ்ட்' என்பதன் வரலாறு நமக்கு ஒரு கடமையை நினைவூட்டுகிறது. 'இம்மருந்து காய்ச்சலைத் தணிக்கும். ஆனால், சிறுநீரக நோயுடையோர் மருத்துவரைக் கேளாமல் இதனை உட்கொள்ளக் கூடாது' என்று ஒருவர் எழுதுகிறார் எனக் கொள்வோம். முதற்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து நூறு பேருக்கு அனுப்பினால் என்ன நேரும்? அனுப்பிய சொற்களுள் ஒன்றுகூடப் பொய்யன்று. ஆயினும், அச்செய்தி ஓர் உயிருக்கு ஊறு விளைவிக்கக்கூடும். சூழலைக் கிழித்தெறியும்போது, எஞ்சிய துண்டு உண்மையை மறைக்கும் திரையாகிவிடுகிறது. தலைவர் ஒருவரின் உரையிலிருந்து ஒரு வரியை மட்டும் வெட்டிப் பரப்புவோர் செய்வதும் இதுவே.

துணியிலிருந்து உருவப்பட்ட இழை, துணியின் நிறத்தைக் காட்டலாம். அதன் வடிவத்தைக் காட்டாது. ஒரு வரியைப் படிக்கும்போது அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றையும் படித்தல், பிறருக்கு அனுப்புமுன் முழுமையைத் தேடுதல், யார் எப்போது யாரிடம் கூறினர் என்று வினவுதல் ஆகியவையே வாசிப்பின் அடிப்படை அறங்கள். நெய்தவரின் உழைப்புக்கு நாம் செலுத்தும் மதிப்பும் அதுவே.

கற்பவை கற்றபின்…

1. 'இழை', 'பின்னல்', 'முடிச்சு' ஆகிய நெசவு சார்ந்த சொற்கள் மொழி, கதை, உறவு ஆகியவற்றைக் குறிக்க வரும் தொடர்களைத் தொகுத்து எழுதுக.

2. உங்கள் பகுதியில் உள்ள நெசவாளர் அல்லது தச்சரைச் சந்தித்து, அவர்தம் தொழிலில் வழங்கும் கலைச்சொற்கள் பத்தினைப் பொருளுடன் பட்டியலிடுக.

3. ஒரே சொல் சூழலுக்கேற்பப் பொருள் வேறுபடுவதைக் காட்டும் ஐந்து தமிழ்ச் சொற்களைத் தொடரில் அமைத்துக் காட்டுக.

4. செய்தித்தாளில் வந்த ஓர் உரையின் முழு வடிவத்தையும் அதன் தலைப்பையும் ஒப்பிட்டு, தலைப்பு உரையின் கருத்தை முழுமையாகத் தருகிறதா என வகுப்பறையில் கலந்துரையாடுக.