சிவப்பு மருந்து ஏறும்போது

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். கீமோவில் சிவப்பு மருந்து போடும்போது மட்டும் நர்ஸ் நகராமல் நின்று, “எரியுதாம்மா?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். வீட்டுக்கு வந்தால் சிறுநீரும் சிவப்பாகப் போகிறது. பயமாக இருக்கிறது. - வாசகி, திண்டுக்கல்

பதில்: அது டாக்சோரூபிசினாக இருக்கும். சிறுநீரில் தெரிவது மருந்தின் நிறம். ஓரிரு நாளில் தெளிந்துவிடும். அதற்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நர்ஸின் கவலை வேறு. இந்த மருந்து ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தால் சுற்றியுள்ள சதையை அரித்துப் புண்ணாக்கிவிடும். அதனால்தான் சிரிஞ்சை லேசாகப் பின்னிழுத்து, ரத்தம் வருகிறதா என்று அடிக்கடி பார்க்கிறார். எரிந்தால் மருந்தை உடனே நிறுத்துவார். ஊசியைப் பிடுங்க மாட்டார். அதன் வழியாகவே கசிந்ததை உறிஞ்சியெடுத்துவிட்டு, ஐஸ் ஒத்தடம் கொடுப்பார். (வின்கிரிஸ்டின் என்ற வேறொரு கீமோ மருந்து கசிந்தால் நேர்மாறு: சூட்டு ஒத்தடம்.) வலியை வாய்விட்டுச் சொல்லாத பழக்கம் நம் அம்மாக்களுக்கு உண்டு. இங்கே அது ஆகாது.

நீங்கள் பயப்பட வேண்டியது காய்ச்சலுக்குத்தான். மருந்து ஏறிய 7 முதல் 14 நாள்களில் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறையும். தெர்மாமீட்டர் 100.4 டிகிரி காட்டினால், பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள். நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போய், கீமோ நடப்பதை முதலில் சொல்லுங்கள்.