பெயர்ப்பலகையும் ஒப்பந்தப் பத்திரமும்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் பெருவீதியில், கடுகண்ணாவை ஏற்றத்திலே, குடைந்து வழிவிடப்பட்ட ஒரு பாறை இருக்கிறது. மலையைத் துளைத்து வருகிறவனுக்கன்றி வேறெவனுக்கும் கண்டி இராச்சியம் பணியாது என்று பழைய கண்டியர் நம்பினார்கள் என்றும், அந்த நம்பிக்கையை அறிந்தே ஆங்கிலேயர் அப்பாறையைக் குடைந்தார்கள் என்றும் ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. கதை சுவையானதுதான், ஆனால் இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது 1815ஆம் ஆண்டில், வீதி அமைக்கப்பட்டதோ அதற்குப் பின்னர், 1820களில், ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில். நடந்து முடிந்த காரியத்துக்குப் பிற்பாடு காரணம் கற்பிப்பது மனித சுபாவம். அதே வீதியில் இன்று வாடகை வாகனங்களில் ஏறி வருகிற குடும்பங்களிடையேயும், யாரும் சோதித்துப் பாராத நம்பிக்கைகள் சில வழங்கி வருகின்றன.

பாடசாலை விடுமுறைக் காலங்களில், அதிலும் விசேஷமாக எசல பெரஹரா நடைபெறும் பருவத்தில், லண்டனிலிருந்தும் டொரொன்டோவிலிருந்தும் சென்னையிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் கண்டிக்கு வந்து, தலதா மாளிகையைத் தரிசித்து, பேராதனைப் பூங்காவைப் பார்த்து, ஹந்தானையில் 1925ஆம் ஆண்டுக் கட்டடமான பழைய தேயிலைத் தொழிற்சாலையில் அமைந்த நூதனசாலைக்கு ஏறிச்சென்று, பின்பு நுவரெலியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ புறப்படுவது வழக்கம். விமானச் சீட்டுக்கு மாதக்கணக்கில் விலை பார்க்கிறவர்கள், விடுதியைப் பற்றிப் பத்துப் பேரிடம் விசாரிக்கிறவர்கள், பிள்ளைகளையும் முதியோரையும் மலைப்பாதையில் ஏற்றிச் செல்லப்போகிற வாகனத்தை மட்டும் புறப்படுவதற்கு முந்தின இரவில், இரண்டொரு நம்பிக்கைகளின் பலத்தில் நிர்ணயித்துவிடுகிறார்கள். அந்த நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: உலகப் புகழ்பெற்ற பெயரைத் தெரிந்தெடுத்தால் எந்தத் தேசத்திலும் ஒரே தரம் கிடைக்கும்.

உண்மை: வாகன வாடகைத் தொழிலின் பெரிய பெயர்கள் பழமையானவை என்பதில் ஐயமில்லை. ஜெர்மனியின் சிக்ஸ்ட் 1912இல் தோன்றியது. ஹெர்ட்ஸின் மூலம், 1918இல் சிக்காகோ நகரில் வால்டர் ஜேக்கப்ஸ் ஒரு டசின் ஃபோர்டு கார்களோடு ஆரம்பித்த வியாபாரம். ஏவிஸ் 1946இல் டிட்ராயிட் நகரருகே ஒரு விமான நிலையத்தில் தொடங்கப்பட்டது. ஆயினும் இத்தகைய பெயர்கள் பல தேசங்களில் அந்தந்த ஊர் வியாபாரிகளுக்கு உரிம அடிப்படையில் வழங்கப்படுகின்றன. பலகையில் உள்ள பெயர் ஒருவருடையது, வாகனமும் ஊழியரும் வைப்புப்பணத்தைத் திருப்பித் தரவேண்டிய கடமையும் இன்னொருவருடையன. இன்னொரு விஷயமும் உண்டு. டாலரும் திரிஃப்டியும் 2012 முதல் ஹெர்ட்ஸின் கீழே இருக்கின்றன. ஏவிஸும் பட்ஜெட்டும் ஒரே குழுமம். நேஷனலும் அலமோவும் 2007 முதல் என்டர்பிரைஸின் வசம். ஆகவே ஆறேழு பெயர்களுக்கிடையே நுணுக்கமாக விலை ஒப்பிட்டுப் பார்க்கிறவர், பல வேளைகளில் ஒரே வீட்டுப் பிள்ளைகளை வெவ்வேறு சட்டையில் நிறுத்திப் பார்க்கிறார். இணையத்தில் விலைப்பட்டியல் காட்டும் தளங்களோ பெரும்பாலும் தரகர்கள். அவர்களிடம் கட்டும் பணத்துக்கு ரசீது உண்டு, ஆனால் வாகனத்துக்கு அவர்கள் பொறுப்பல்லர். எனவே முதலில் விசாரிக்க வேண்டியது, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் மறுதரப்பு யார், அவருக்கு இந்நாட்டில் பதிவும் காரியாலயமும் உண்டா என்பதே.

நம்பிக்கை 2: நாள் வாடகை எங்கே குறைவோ, அங்கேதான் செலவும் குறைவு.

உண்மை: நாள் வாடகை என்பது கணக்கின் முதல் வரி மட்டுமே. இலங்கையில் பல நிறுவனங்கள் நாளொன்றுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஓர் எல்லை வகுத்து, அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனிக் கட்டணம் விதிக்கின்றன. அந்த எல்லை நாளுக்கு 100 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு, கண்டியிலிருந்து யாழ்ப்பாணத்து நல்லூருக்குப் போய்வர நான்கு நாள் வாகனம் எடுக்கும் ஒரு குடும்பத்தின் கணக்கைப் பார்ப்போம். கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடியும் ஏ-9 வீதியின் நீளம் 321 கிலோமீட்டர், போகவர 642. அனுமதிக்கப்பட்டதோ 400. வழியில் எங்கும் திரும்பாமல், ஊருக்குள் ஓர் உறவினர் வீட்டுக்கும் போகாமல் வந்தாலும் 242 கிலோமீட்டருக்கு மிகைக் கட்டணம் செலுத்தியாக வேண்டும். ஹந்தானையில் தங்கிப் பேராதனைக்கும் கண்டி நகருக்கும் மட்டும் போய்வருகிறவருக்கு அதே எல்லை தாராளமானது. ஒரே நிறுவனம் ஒருவருக்கு மலிவாகவும் மற்றவருக்கு விலையுயர்ந்ததாகவும் இருப்பது இதனால்தான். பிரயாணத் திட்டத்தை எழுதி வைத்துக்கொள்ளாமல் விலையைக் கேட்பதில் பயனில்லை.

வைப்புப்பணத்தின் அளவும் கவனத்துக்குரியது. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில்தான் மறுபடி அனுமதிக்கப்பட்டது. அந்த இடைக்காலத்தில் பழைய கார்களின் விலைகூட வெளிநாட்டார் திகைக்கும் அளவுக்கு ஏறிவிட்டதனால், சிறிய காருக்கும் பெரிய பிணை கேட்கும் உரிமையாளரின் அச்சத்தில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் எந்த நாளில், எந்த வழியில், எவற்றைக் கழித்துக்கொண்டு திரும்பி வரும் என்பது எழுத்தில் இல்லையானால், அதைப் பிணை என்று எண்ணாமல் வாடகையின் ஒரு பகுதி என்றே எண்ணிக்கொள்வது விவேகம்.

நம்பிக்கை 3: "முழுக் காப்புறுதி உண்டு" என்று சொல்லிவிட்டால் நமக்குப் பொறுப்பில்லை.

உண்மை: இந்நாட்டின் 1951ஆம் ஆண்டு 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம், வீதியில் ஓடும் வாகனத்துக்கு மூன்றாந்தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்குகிறது, அது நம் வாகனத்தால் பிறருக்கு நேரும் தீங்குக்கு உரியது. வாடகை வாகனத்துக்கே ஏற்படும் சேதம் வேறு விஷயம். முழுக் காப்புறுதியிலும் சேதத்தின் முதற்பங்கை, அதாவது "எக்ஸஸ்" என்று சொல்லப்படுவதை, வாடகைக்கு எடுத்தவரே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனை சாதாரணமாக இருக்கும். டயர், கண்ணாடி, வாகனத்தின் அடிப்பாகம், தொலைந்த சாவி ஆகியவை பல ஒப்பந்தங்களில் அடியோடு விலக்கப்பட்டிருக்கும். இந்த அடிப்பாகம் என்ற சொல் மலைநாட்டில் அலட்சியம் செய்யத் தக்கதன்று. ஹந்தானையில் பிரதான பாதையை விட்டுத் தோட்டப் பாதைக்குள், தொழிலாளரின் லயன் வீடுகளைக் கடந்து ஒரு காட்சிமுனையைத் தேடிப் போகிற காரின் வயிற்றில் ஒரு கல் உரசினால், அந்தச் செலவு எவருடையது என்பதை அந்த ஒரு சொல்லே தீர்மானிக்கிறது. பெயர் குறிக்கப்படாத ஒருவர் வாகனத்தை ஓட்டியிருந்தாலோ, ஓட்டியவரிடம் செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் இல்லாதிருந்தாலோ, காப்புறுதி முழுவதுமே மறுக்கப்படலாம்.

நம்பிக்கை 4: சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் கையில் இருந்தால் போதும்.

உண்மை: 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்படும் அந்தச் சிறு புத்தகம், சொந்த நாட்டு அனுமதிப்பத்திரத்தின் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு, மூலப் பத்திரம் உடன் இல்லையானால் அதற்குத் தனியே மதிப்பில்லை. இலங்கையில் அதற்கும் மேலாக உள்நாட்டு அங்கீகாரம் ஒன்று கேட்கப்படுகிறது. கொழும்பில் உள்ள சிலோன் ஆட்டோமொபைல் சங்கத்தில் மேலொப்பம் பெறுவது நெடுங்கால வழக்கம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் தற்காலிக அனுமதிப்பத்திரம் மற்றொரு வழி. 2025 ஆகஸ்டு முதல் அதைக் கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே பெறுவதற்கு ஒரு கருமபீடம் திறக்கப்பட்டிருக்கிறது. இவற்றைக் கேட்காமலே சாவியைக் கொடுத்துவிடுகிற நிறுவனம் தாராள மனம் உடையதாகத் தோன்றலாம். அது தன் வாடிக்கையாளரைக் காப்புறுதிக்குப் புறம்பே நிறுத்திவிடுகிறது என்பதே மெய். பத்திரங்களைத் துருவித் துருவிக் கேட்கிற நிறுவனத்தின்மீது எரிச்சல் கொள்ளாமல் நம்பிக்கை கொள்வதே முறை.

நம்பிக்கை 5: மலைநாட்டுக்குப் பெரிய வாகனமே பாதுகாப்பு.

உண்மை: கண்டி கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1,868 மீட்டரில். கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாகச் செல்லும் ஏறத்தாழ 77 கிலோமீட்டர்ப் பாதையில் இந்த ஏற்றத்தை ஏறுவதைவிட, திரும்புகையில் இறங்குவதே கடினம். பாரமேறிய வாகனத்தை இறக்கத்தில் ஓயாமல் பிரேக்கை மிதித்தே கட்டுப்படுத்தினால், பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும்; கியரைக் குறைத்து இயந்திரத்தின் இழுவையாலேயே வேகத்தை அடக்குவதுதான் மலைச் சாரதிகளின் வித்தை. மகியங்கனை வீதியில் பதினெட்டு வளைவு என்று பெயர்பெற்ற பகுதியிலும் இதே நியாயம். ஆகவே பெரியதோ சிறியதோ, பிரேக்கும் டயரும் எந்த நிலையில் உள்ளன என்பதே பிரதானமான கேள்வி. டொரொன்டோவில் வலப்புறமாக ஓட்டிப் பழகியவர் கண்டியின் நெரிசலில் இடப்புறமாக, அதுவும் அகன்ற வானொன்றை ஓட்டுவது துணிச்சல்தான், விவேகமன்று. நான்கு பேருக்கு ஒரு சிறிய தானியங்கிக் கார் போதும். ஹந்தானை ஏற்றத்தில் எதிரே வருகிற பேருந்துக்கு ஒதுங்கி நிற்கவும் அதுவே சௌகரியம். ஏழு பேர் பிரயாணம் செய்வதானால், இருக்கைகளை எண்ணுவதோடு நில்லாமல், பெட்டிகளை வைத்த பின்பும் ஒவ்வொருவருக்கும் வேலை செய்யும் ஆசனப்பட்டி இருக்கிறதா, குழந்தை இருக்கை முன்கூட்டிக் கேட்டால் கிடைக்குமா என்பவற்றை விசாரிக்க வேண்டும்.

நம்பிக்கை 6: சாரதியோடு எடுத்தால் எல்லாம் அவர் பொறுப்பு.

உண்மை: மலைப்பாதை பழகாத குடும்பத்துக்குச் சாரதியோடு வாகனம் எடுப்பதே பெரும்பாலும் நல்லது, இலங்கையில் அது வேரூன்றிய சம்பிரதாயமும்கூட. ஆனால் சாரதியின் உணவும் இரவுத் தங்கலும் யார் செலவு, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அவர் ஓட்டுவார் என்பவை பேசித் தீர்க்கப்படாவிட்டால், முதல் நாளின் சிநேகம் மூன்றாம் நாளில் மனஸ்தாபமாகிவிடும். குறைந்த வாடகை வாங்குகிற சிலர், குறைந்ததை வாசனைத் திரவியத் தோட்டங்களிலும் மாணிக்கக் கடைகளிலும் கிடைக்கும் தரகுப் பணத்தால் ஈடுசெய்கிறார்கள். அப்போது நம் பொழுது அந்தக் கடைகளில் கழிகிறது. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் உரிமம் பெற்ற சாரதி வழிகாட்டிகள் இருக்கிறார்கள்; அத்தகையவரை விரும்பினால் அதையும் எழுத்தில் கேட்கலாம். விடியற்காலையில் கட்டுநாயக்காவில் காத்திருந்து நம்மை அழைத்து வந்த மனிதரை, அன்று மாலையே நுவரெலியாவுக்கு ஓட்டச் சொல்வது அவருக்கும் அநியாயம், நம் பிள்ளைகளுக்கும் ஆபத்து.

நம்பிக்கை 7: தெரிந்தவர் மூலமாக எடுத்தால் பத்திரமும் வேண்டாம், பேச்சும் வேண்டாம்.

உண்மை: இந்த ஏழிலும் அதிக நஷ்டம் விளைவிக்கக் கூடியது இதுதான், ஏனெனில் இது அன்பின் உருவத்தில் வருகிறது. "நம்ம ஆள், வண்டி வீட்டிலே சும்மாதான் நிற்குது, எடுத்துட்டுப் போங்க" என்று சித்தப்பாவின் சிநேகிதர் சொல்லுகிறார், விலையும் சகாயம். அந்த வண்டியின் காப்புறுதி சொந்தப் பாவனைக்கென்று எடுக்கப்பட்டதா, வாடகைப் பாவனையையும் உள்ளடக்கியதா என்று கேட்பது அவரை அவமதிப்பதாகும் என்று நாம் கூசுகிறோம். சொந்தப் பாவனைக்குக் காப்புறுதி செய்த வாகனத்தைப் பணத்துக்கு ஓட விட்டு விபத்து நேர்ந்தால், இழப்பீட்டை மறுப்பதற்குக் காப்புறுதி நிறுவனத்துக்கு அதுவே காரணமாகலாம். அப்போது சேதத்தோடு உறவும் சேர்ந்து போகும். சேதத்தைப் பணத்தால் ஈடுசெய்யலாம், உறவை முடியாது. தெரிந்தவரிடம் எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தெரிந்தவராக இருந்தாலும் ஒரு தாளில் நாளும் தொகையும் பொறுப்பும் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, காப்புறுதிப் பத்திரத்தைப் பார்த்து, புறப்படும் முன் வாகனத்தை நாற்புறமும் கைத்தொலைபேசியில் படமெடுத்து அவருக்கே அனுப்பிவிட்டால், பழைய கீறலைப் பற்றிப் பின்னால் யாரும் யாரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை.

இந்த ஏழு நம்பிக்கைகளுக்கும் அடியில் இருப்பது ஒரே பிரமை: வாடகை கொடுத்து நாம் பெறுவது ஒரு வாகனம் என்பது. வாகனம் எவரிடமும் கிடைக்கும். விபரீதம் நேர்ந்தால் அதில் எவ்வளவு நம் தலையில் விழும், எவ்வளவு பிறர் தாங்குவர் என்ற எல்லைக்கோட்டைத்தான் நிறுவனங்கள் வெவ்வேறு விலையில் விற்கின்றன. ஆகையால் முன்பணம் அனுப்புமுன் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள்: ஒப்பந்தத்தின் மறுதரப்பு யார், வைப்புப்பணம் என்று, எப்படித் திரும்பும், சேதத்தில் எங்கள் பங்கு எவ்வளவு, எவை விலக்கு, கிலோமீட்டர் எல்லை என்ன, மழையில் றம்பொடைக்கு அருகே வாகனம் நின்றுபோனால் மாற்று வாகனம் எங்கிருந்து, எத்தனை மணி நேரத்தில், யார் செலவில் வரும். கடைசிக் கேள்விக்குத் தொலைபேசியில் "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்பவரை விட்டுவிட்டு, ஊரின் பெயரையும் நேரத்தையும் குறிப்பிட்டு எழுத்தில் பதில் தருகிறவரை, அவர் வாடகை சற்றே கூடுதலாக இருந்தாலும், தயங்காமல் தெரிந்தெடுங்கள்.