பெண்ணுக்கும் சம பங்கு

அப்பா சம்பாதித்துக் கட்டிய வீடு. உயில் எழுதாமல் இறந்துவிட்டார். எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதால் பங்கு இல்லை என்கிறார் அண்ணன். வக்கீல் வைக்க வசதியில்லை. என்ன செய்வது?
— வாசகி, திண்டுக்கல்

கலங்காதீர்கள், சகோதரி. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா இருந்தால் அவர், அண்ணன், நீங்கள் மூவருக்கும் சம பங்கு. கல்யாணம் அதைப் பறிக்காது. பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்று, பத்திர நகல் மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச வக்கீல் உண்டு. தொலைபேசி: 15100.

முதலில் மக்கள் நீதிமன்றத்தில் பேசிப் பாருங்கள். அங்கே ஏற்படும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம்; மேல்முறையீடு கிடையாது. அண்ணன் இறங்கி வராவிட்டால் தயங்காமல் பாகப்பிரிவினை வழக்குப் போடுங்கள்.