தக்காளிக்கு ஏன் அடிவிலை இல்லை?

கேள்வி: ஒரு பருவத்தில் பறிக்கிற கூலிகூடத் தேறாமல் தக்காளியைத் தோட்டத்திலேயே விடுகிறோம். இன்னொரு பருவத்தில் கிலோ நூறைத் தாண்டுகிறது. இது அரசுக்குத் தெரியாதா? (பாலக்கோடு வாசகர்)

பதில்: நன்றாகவே தெரியும். 2018 மத்திய பட்ஜெட்டில் தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்குக்காக ‘ஆபரேஷன் கிரீன்ஸ்’ திட்டம், 500 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். ஆனாலும் நடப்பது இதுதான்: விலை ஏறினால் எல்லோரும் தக்காளியே நடுகிறார்கள்; நாற்று நட்ட இரண்டு இரண்டரை மாதத்தில் எல்லாம் ஒன்றாக மண்டிக்கு வந்து விழுகிறது. சில நாளில் அழுகிவிடும் சரக்கு. சொன்ன விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்.

2023 ஜூலையில் விலை எகிறியபோது சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றார்கள், நல்ல காரியம். வாங்குபவருக்காக அவ்வளவு வேகமாக அசைகிற அரசு விளைவித்தவருக்காக ஏன் அசைவதில்லை? என் சந்தேகம் அங்கேதான். நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை உண்டு, தக்காளிக்கு இல்லை. கேரளம் 2020-லேயே தக்காளி உட்பட 16 பயிர்களுக்கு அடிவிலை அறிவித்துவிட்டது. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இதைக் கேளுங்கள்.